கிரீன் கார்டு லாட்டரி: பெயர் விழுந்த பிறகுதான் வேலை ஆரம்பம்

அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேற நினைப்பவருக்கு வழக்கமாக இரண்டு வழிகள்தான். அங்கே இருக்கும் நெருங்கிய உறவினர் அழைக்க வேண்டும், அல்லது ஒரு நிறுவனம் வேலை கொடுத்து அழைக்க வேண்டும். அகதியாகப் போவது தனிக்கதை. உறவும் இல்லை, வேலையும் இல்லை என்பவருக்கு மூன்றாவதாக ஒரு சின்ன வழி உண்டு. அதன் சட்டப் பெயர் டைவர்சிட்டி விசா. ஊரெல்லாம் அதை கிரீன் கார்டு லாட்டரி என்கிறது. ஆண்டுக்கு அதிகபட்சம் 55,000 பேருக்குக் குலுக்கல் முறையில் நிரந்தரமாகத் தங்கும் விசா, அதாவது கிரீன் கார்டு, தரும் திட்டம் அது.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2025 டிசம்பரில், பிரவுன் பல்கலைக்கழகத் துப்பாக்கிச்சூட்டில் சந்தேகிக்கப்பட்டவர் இந்தத் திட்டத்தின் வழியாக வந்தவர் என்று தெரியவந்ததும், இதை நிறுத்தி வைப்பதாக அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அறிவித்தது. வழக்கமாக அக்டோபரில் திறக்கும் பதிவும் அந்த ஆண்டு திறக்கவில்லை. ஆனால் திட்டம் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதப்பட்ட ஒன்று. அடியோடு ஒழிக்க வேண்டுமானால் அமெரிக்க காங்கிரஸ்தான் சட்டத்தைத் திருத்த வேண்டும். ஆகவே நீங்கள் இதைப் படிக்கும் நாளில் பதிவு திறந்திருக்கிறதா, எந்தெந்த நாட்டவருக்கு விசா தருகிறார்கள் என்பதை அமெரிக்க வெளியுறவுத் துறையின் தளத்தில் ஒரு முறை பார்த்துவிட்டு மேலே போங்கள். நடைமுறை எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் இங்கே விளக்குகிறேன்.

அயர்லாந்துக்காரர்களுக்காகப் பிறந்தது

1965இல் வந்த குடிவரவுச் சட்டம் குடும்ப உறவுக்கு முதலிடம் கொடுத்தது. அமெரிக்காவில் அண்மையில் குடியேறிய சொந்தம் உள்ளவர்களுக்கு அது வசதி. அயர்லாந்து, இத்தாலி போன்ற நாடுகளிலிருந்து தாத்தா காலத்தில் போனவர்களின் ஊர்க்காரர்களுக்கு அந்தச் சொந்தம் விட்டுப்போயிருந்தது. 1980களில் வேலையில்லாத் திண்டாட்டத்தால் அமெரிக்கா போன ஐரிஷ் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் ஆவணம் இல்லாமல் அங்கே தங்கினார்கள். அவர்களுக்காக ஐரிஷ் வம்சாவளி அரசியல்வாதிகள் குரல் கொடுத்ததில்தான் முதலில் சில தற்காலிகத் திட்டங்களும், பிறகு 1990 சட்டமும் வந்தன. இன்றைய வடிவில் குலுக்கல் 1995 நிதியாண்டிலிருந்து நடக்கிறது.

அந்தத் தற்காலிகத் திட்டங்களில் ஒன்றில் ஒருவர் எத்தனை விண்ணப்பம் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று இருந்தது. 1991இல் வர்ஜீனியா மாநிலத்தின் மெரிஃபீல்டு தபால் நிலையத்தில் மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் குவிந்தன. ஒரே ஆள் நூற்றுக்கணக்கில் போட்டிருந்தார். இப்போது ஒருவருக்கு ஒரு பதிவுதான். இரண்டாவது போட்டால் இரண்டும் போச்சு. ஐரிஷ்காரர்களை மனத்தில் வைத்துத் தொடங்கிய திட்டத்தால் கடைசியில் அதிகம் பயன்பெற்றவர்கள் ஆப்பிரிக்கர்களும், நேபாளிகளும், உஸ்பெக்குகளும். சட்டம் எழுதியவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

எந்தப் பாஸ்போர்ட் என்பதல்ல, எங்கே பிறந்தீர்கள் என்பதே கேள்வி

விதி இதுதான். கடந்த ஐந்து ஆண்டுகளில் ஒரு நாட்டிலிருந்து குடும்ப, வேலை வழிகளில் 50,000க்கு மேற்பட்டவர்கள் அமெரிக்காவில் குடியேறியிருந்தால், அந்த நாட்டில் பிறந்தவர்கள் குலுக்கலில் சேர முடியாது. அதனால்தான் இந்தியா, சீனா, மெக்சிகோ, பிலிப்பைன்ஸ், பாகிஸ்தான், வங்கதேசம் எல்லாம் வெளியே நிற்கின்றன. பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும். இந்தியா அதிலிருந்து வெளிவரும் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தம் இல்லை.

தமிழர்களில் யாருக்கு இடம் உண்டு? இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் பிறந்தவர்கள் இதுவரை தகுதி உள்ளவர்களாகவே இருந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பிறந்தவர்களுக்கு இல்லை. நான் கண்டவரை பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். பார்ப்பது பிறந்த நாட்டை. எந்த நாட்டுக் குடிமகன், இப்போது எங்கே குடியிருக்கிறார் என்பது கணக்கில் வராது.

மலையகத்தை எடுத்துக்கொள்வோம். 1964ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த லட்சக்கணக்கானவர்கள் இலங்கையிலிருந்து இந்தியா திரும்பினார்கள். நுவரெலியாவில் பிறந்து, கைக்குழந்தையாகக் கூடலூருக்கோ கோத்தகிரிக்கோ வந்து, இந்தியப் பாஸ்போர்ட்டோடு வாழும் ஒருவர் இந்த விதியின் கண்ணில் இலங்கையில் பிறந்தவர். அவர் பதிவு செய்யலாம். அதே வீட்டில் அவருக்கு அடுத்ததாக நீலகிரியில் பிறந்த தம்பிக்கு முடியாது. மறுபுறம், சென்னையில் பிறந்து இலங்கைக் குடியுரிமையோடு கொழும்பில் வாழ்பவருக்கும் பொதுவாக முடியாது. யாழ்ப்பாணத்தில் பிறந்து கத்தாரில் வேலை செய்பவர் அங்கிருந்தே பதிவு செய்யலாம்.

இதற்கு இரண்டு விலக்குகள் உண்டு. முதலாவது வாழ்க்கைத்துணை. நீங்கள் மதுரையில் பிறந்தவர், மனைவி மட்டக்களப்பில் பிறந்தவர் என்றால், மனைவியின் நாட்டை வைத்து நீங்களும் பதிவு செய்யலாம். நிபந்தனை: இருவர் பெயரும் அந்தப் பதிவில் இருக்க வேண்டும், இருவருக்கும் விசா கிடைக்க வேண்டும், ஒன்றாகவே அமெரிக்காவுக்குள் நுழைய வேண்டும். கணவனும் மனைவியும் தனித்தனியாகப் பதிவு போட்டு, ஒவ்வொன்றிலும் மற்றவரைத் துணையாகக் காட்டலாம். அது விதிக்கு உட்பட்டதுதான், வாய்ப்பும் இரட்டிப்பாகிறது. இரண்டாவது விலக்கு பெற்றோர் வழி. நீங்கள் பிறந்த நாட்டில் அம்மாவும் அப்பாவும் பிறக்கவில்லை, நீங்கள் பிறந்தபோது அங்கே குடியிருப்பவர்களாகவும் இல்லை என்றால், பெற்றோரில் ஒருவர் பிறந்த நாட்டைக் காட்டலாம். மலேசியத் தம்பதி சென்னைக்கு உறவினர் வீட்டுக்கு வந்த நேரத்தில் பிறந்த குழந்தை என்பது மாதிரியான அரிதான நிலை இது. குடியிருக்கவில்லை என்பதை நிரூபிக்கக் காகிதம் வேண்டும்.

பிறப்பு சரியாக இருந்தாலும் படிப்பு வேண்டும். 12 ஆண்டுப் பள்ளிக் கல்வியை முடித்திருக்க வேண்டும். இலங்கையில் ஓ.எல். எனும் சாதாரண தரத் தேர்வு 11ஆம் வகுப்போடு முடிந்துவிடுவதால் அது மட்டும் போதாது. படிப்பு இல்லையென்றால், கடந்த ஐந்து ஆண்டுகளில் குறைந்தது இரண்டு ஆண்டுகள், நீண்ட பயிற்சி தேவைப்படும் ஒரு தொழிலில் வேலை செய்திருக்க வேண்டும். எந்தத் தொழில் அந்த வகையில் வரும் என்பதை அமெரிக்கத் தொழிலாளர் துறையின் பட்டியல் தீர்மானிக்கிறது. அந்தப் பட்டியல் கொஞ்சம் கறாரானது. ஓட்டுநர் வேலையை வைத்துக்கொண்டு உள்ளே போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முக்கியமான விஷயம், இந்தத் தகுதியைப் பதிவின்போது யாரும் சோதிப்பதில்லை. சோதனை நேர்காணலில் வரும். அதற்குள் கட்டணம் கட்டி, மருத்துவச் சோதனையும் முடித்திருப்பீர்கள்.

அரை மணி நேரப் படிவம், ஆயுள் முழுக்கத் தொடரும் பதில்கள்

பதிவு முழுக்க இணையத்தில்தான். 2003இல் திறந்த பதிவிலிருந்து தபால் கிடையாது. வெளியுறவுத் துறைக்கென்று இதற்கு ஒரே ஒரு தளம் இருக்கிறது. முகவரி டாட் ஜிஓவி என்று முடியும். நீண்ட காலம் இலவசமாக இருந்த பதிவுக்கு 2025இல் ஒரு டாலர் கட்டணம் வைத்தார்கள். பாஸ்போர்ட் எண் கட்டாயம் என்ற விதி ஒருமுறை வந்து, நீதிமன்றத்தில் ரத்தாகி, 2025இல் மறுபடியும் பேச்சுக்கு வந்தது. எனவே பாஸ்போர்ட் இல்லாதவர்கள் முதலில் அதை எடுத்து வைப்பது நல்லது.

புகைப்படம் பலரைக் கவிழ்க்கிறது. 600க்கு 600 பிக்சல், 240 கேபிக்குள், வெளிர்நிறப் பின்னணி, கண்ணாடி கூடாது, ஆறு மாதத்துக்குள் எடுத்தது. போன ஆண்டுப் படத்தையே மறுபடி போட்டால் மென்பொருள் பிடித்துவிடும், பதிவு தள்ளுபடி. கைக்குழந்தைக்கும் தனிப்படம் வேண்டும்.

அடுத்து குடும்பம். மனைவி அல்லது கணவர், 21 வயதுக்குட்பட்ட திருமணமாகாத பிள்ளைகள் எல்லோரையும் எழுத வேண்டும். அவர்கள் உங்களோடு வரப்போகிறார்களா, இல்லையா என்பது முக்கியமில்லை. பிரிந்து வாழ்ந்தாலும் சட்டப்படி பிரிவோ விவாகரத்தோ ஆகாதவரை மனைவி மனைவிதான். முதல் திருமணத்துப் பிள்ளை, தத்துப்பிள்ளை, துணையின் பிள்ளை எல்லோரும் கணக்கில் வருவார்கள். "அவன் எப்படியும் வரப்போவதில்லையே" என்று ஒருவரை விட்டுவிட்டால், நேர்காணலில் அது தெரிந்த உடனே மொத்தக் குடும்பத்துக்கும் விசா மறுக்கப்படும். துணையோ பிள்ளையோ ஏற்கெனவே அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருந்தால் மட்டும் எழுத வேண்டியதில்லை. பதிவுக்குப் பிறகு கல்யாணம் நடந்தாலோ குழந்தை பிறந்தாலோ கவலை இல்லை, பின்னால் சேர்க்கலாம். ஆனால் பெயர் விழுந்ததும் அவசரமாக நடக்கும் கல்யாணங்களைத் தூதரக அதிகாரிகள் துருவித் துருவிப் பார்ப்பார்கள். காசுக்காக ஒரு துணையைச் சேர்த்துக்கொள்ளும் வியாபாரம் பல நாடுகளில் நடக்கிறது. பிடிபட்டால் அந்த விசா மட்டும் போகாது, வாழ்நாள் தடையும் வரலாம்.

பெயர் விஷயத்தில் நமக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. குடும்பப் பெயர் இல்லாத ஊர் நம்முடையது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு என்று அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். பிறகு ஓட்டுநர் உரிமத்திலிருந்து வங்கி அட்டைவரை "திரு. எஃப்என்யு" ஆகிவிடுவீர்கள். சிரிப்பாக இருக்கும், நாலு அலுவலகம் ஏறி இறங்கும்வரை. முடிந்தால் பாஸ்போர்ட்டிலேயே இரண்டு பகுதிகளாகப் பெயரைப் பிரித்துக்கொள்ளுங்கள். பிறகு படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள்.

எப்போது பதிவு செய்தால் வாய்ப்பு அதிகம் என்று பலர் கேட்பார்கள். எப்போது செய்தாலும் ஒன்றுதான். இதற்கு ஒரு சுவையான சாட்சி இருக்கிறது. 2011 மே மாதம் அறிவித்த முடிவுகளில் கணினிக் கோளாறால், தேர்வானவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் முதல் இரண்டு நாளில் பதிவு செய்தவர்களாக இருந்தார்கள். இது குலுக்கலே அல்ல என்று வெளியுறவுத் துறை அந்த முடிவை ரத்து செய்து, மறுபடி குலுக்கியது. முதலில் பெயர் வந்து கொண்டாடிய சுமார் 22,000 பேருக்கு அது பேரிடி. வழக்குப் போட்டும் பயனில்லை. கடைசி நாளில் மட்டும் போகாதீர்கள், தளம் திணறும்.

சமர்ப்பித்ததும் ஓர் உறுதிப்படுத்தல் எண் வரும். அதை அச்சிட்டு வையுங்கள், படம் எடுத்து வையுங்கள், வீட்டில் ஒருவருக்காவது அனுப்பி வையுங்கள். இணைய மையத்திலோ ஏஜென்ட் மூலமோ பதிவு செய்பவர்கள் எழுந்து வருவதற்கு முன் அந்த எண்ணைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். எண்ணைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, பெயர் விழுந்ததும் "இவ்வளவு லட்சம் கொடு" என்று பேரம் பேசுவது ஏஜென்ட்களின் பழைய தந்திரம்.

மே மாதம் வருவது விசா அல்ல, ஒரு வரிசை எண்

முடிவுகள் அடுத்த ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் வரும். அதே தளத்தில், அதே உறுதிப்படுத்தல் எண்ணைப் போட்டு நீங்களாகத்தான் பார்க்க வேண்டும். "வாழ்த்துகள், நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், இந்தக் கணக்கில் பணம் கட்டுங்கள்" என்று மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ வந்தால் அது மோசடி. வெளியுறவுத் துறை அப்படிக் கடிதம் அனுப்புவதில்லை, மணி ஆர்டர் கேட்பதில்லை.

இப்போது எண்ணிக்கையைப் பாருங்கள். 2025 நிதியாண்டுக்கான குலுக்கலில் சுமார் 1.99 கோடி பதிவுகள் வந்தன. தேர்வானவர்கள், குடும்பத்தினரையும் சேர்த்து, சுமார் 1,31,000 பேர். ஆனால் அந்த ஆண்டு கொடுக்கக்கூடிய விசாக்கள் 52,000 அளவுதான், ஏனென்றால் 55,000இல் ஒரு பகுதியை வேறு சட்டங்கள் எடுத்துக்கொள்கின்றன. பந்தியில் ஐம்பது இலை போட இடம் இருக்கும்போது நூற்றிமுப்பது பேருக்குப் பத்திரிகை வைத்த கல்யாணம் இது. எல்லோரும் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் அழைக்கிறார்கள். சிலர் படிவமே நிரப்புவதில்லை, சிலருக்குப் படிப்பு இல்லை, சிலர் நேர்காணலில் விழுவார்கள். மீதி இருப்பவர்களில் யார் முன்னால், யார் பின்னால் என்பதை வழக்கு எண் தீர்மானிக்கிறது.

அந்த எண்ணில் ஆண்டு, உலகப் பகுதி, அதற்குப் பின் உங்கள் இடம் மூன்றும் இருக்கும். ஆசியா என்றால் நடுவில் ஏஎஸ் என்று வரும். 2025ஏஎஸ்3,000 என்பவர் முன்வரிசை. 2025ஏஎஸ்20,000 என்பவர் வெகு தூரத்தில். வெளியுறவுத் துறை மாதம்தோறும் விசா புல்லட்டின் என்று ஓர் அறிக்கை வெளியிடுகிறது. அதில் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எல்லை எண் இருக்கும். உங்கள் எண் அதைவிடக் குறைவாக இருந்தால்தான் அந்த மாதம் நேர்காணலுக்கு வாய்ப்பு. எந்த நாடும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதால், ஏராளமாகத் தேர்வாகும் நேபாளம் போன்ற நாடுகளுக்குத் தனியாக, இன்னும் குறைந்த எல்லை போடுவார்கள். இலங்கையில் பிறந்தவருக்கு ஆசியாவின் பொது எல்லைதான்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு தேதி இருக்கிறது: செப்டம்பர் 30. அமெரிக்க நிதியாண்டின் கடைசி நாள். அன்று நள்ளிரவுக்குள் விசா கைக்கு வரவில்லையென்றால் எல்லாம் முடிந்தது. அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது, முறையிடவும் இடம் இல்லை. கோப்பு "கூடுதல் பரிசீலனையில்" கிடந்தாலும் சரி, தூதரகம் மூடியிருந்தாலும் சரி. 2020இல் கொரோனாவும் அதிபரின் தடை உத்தரவும் சேர்ந்து ஆயிரக்கணக்கானவர்களின் விசாவை விழுங்கின. அவர்கள் நீதிமன்றம் போய், சில உத்தரவுகளையும் பெற்றார்கள். ஆனால் 2024இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், நிதியாண்டு முடிந்த பிறகு விசா வழங்கும்படி உத்தரவிட நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது.

இதனால்தான் பெயர் விழுந்தவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: வேலையை விடாதீர்கள், நிலத்தை விற்காதீர்கள், பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதீர்கள். விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வரட்டும்.

நேர்காணல்வரை

தேர்வானதும் டிஎஸ்-260 என்ற இணையப் படிவத்தைக் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் நிரப்ப வேண்டும். கென்டக்கி மாநிலத்தில் உள்ள ஒரு மையம் இந்தக் கோப்புகளை வரிசைப்படி எடுத்து, நேர்காணல் நாள் குறித்து, நீங்கள் தேர்ந்தெடுத்த ஊர்த் தூதரகத்துக்கு அனுப்பும். எண் சிறியதாக இருந்தால் தாமதிக்காமல் நிரப்புங்கள். எண் பெரியதாக இருந்தாலும் நிரப்பி வையுங்கள். நிரப்பாதவருக்கு நாளே குறிக்க மாட்டார்கள்.

காகிதங்களைச் சேர்ப்பதில்தான் நாள் கரையும். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், விவாகரத்து ஆகியிருந்தால் தீர்ப்பு, கல்விச் சான்றிதழ்களின் அசல், 16 வயதுக்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் போலீஸ் சான்று. துபாயிலோ சவூதியிலோ வேலை செய்துவிட்டு வந்தவர்களுக்கு அந்தக் கடைசிக் காகிதம் மாதக்கணக்கில் இழுக்கும், முதலில் அதை ஆரம்பியுங்கள். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள சான்றிதழ்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்து என்று இருந்தால் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

மருத்துவச் சோதனையைத் தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டுமே செய்ய முடியும். காசநோய்க்கான எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, விடுபட்ட தடுப்பூசிகள். காசநோய்ச் சந்தேகம் வந்தால் சளிப் பரிசோதனை முடிவுக்கு இரண்டு மாதம் போய்விடும், அதையும் செப்டம்பர் 30ஐ வைத்துக் கணக்கிடுங்கள்.

செலவு? தூதரகக் கட்டணம் தலைக்கு 330 டாலர். விசா கிடைத்த பிறகு கார்டு அச்சிட்டு அனுப்ப தலைக்கு 235 டாலர். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இவை மட்டுமே 2,260 டாலர். இதற்குமேல் மருத்துவச் சோதனை, விமான டிக்கெட், போய் இறங்கி முதல் சம்பளம் வரும்வரை சாப்பாடும் வாடகையும். கட்டணங்கள் அவ்வப்போது மாறும். விசா மறுக்கப்பட்டால் 330 திரும்ப வராது.

நேர்காணல் பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். என்ன படித்தீர்கள், என்ன வேலை, அங்கே யாரோடு தங்குவீர்கள், எப்படிச் சாப்பிடுவீர்கள் என்பதுபோல் கேட்பார்கள். கடைசிக் கேள்விக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது: அரசாங்க உதவியை நம்பி வாழக்கூடியவர் என்று தோன்றினால் மறுக்கலாம். வங்கிக் கணக்கு, சொத்து விவரம், அமெரிக்காவில் உள்ள உறவினரின் ஆதரவுக் கடிதம் எது இருந்தாலும் கையில் வைத்திருங்கள். பொய் மட்டும் வேண்டாம். முன்பு சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பித்தபோது சொன்னது எல்லாம் அவர்கள் திரையில் இருக்கும்.

இறங்கிய பிறகு

விசாவுக்குப் பொதுவாக ஆறு மாதம் ஆயுள், மருத்துவச் சோதனை நாளிலிருந்து எண்ணினால். அதற்குள் நுழைந்துவிட வேண்டும். தேர்வானவர் முதலில் அல்லது குடும்பத்தோடு ஒன்றாக நுழைய வேண்டும், அவருக்கு முன்னால் பிள்ளைகள் போகக் கூடாது. தூதரகம் முத்திரையிட்ட உறை கொடுத்திருந்தால் பிரிக்காமல் அப்படியே விமான நிலையத்தில் கொடுங்கள். அங்கே தனி அறைக்கு அழைத்துப்போய் உட்கார வைப்பார்கள். பயப்பட ஒன்றும் இல்லை, புதிதாகக் குடியேறும் எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் நேரம் பிடிக்கும், இணைப்பு விமானத்துக்கு நாலைந்து மணி நேரம் இடைவெளி விட்டு டிக்கெட் போடுங்கள்.

பெட்டியில் பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம். எலுமிச்சை வகை மரங்களைக் கொல்லும் நோய் அதன் வழியாகப் பரவும் என்பதால் தடை. மாம்பழமும் வேண்டாம், இறைச்சி சேர்ந்த எதுவும் வேண்டாம். மிளகாய்ப்பொடி, பருப்பு போன்றவை பிரச்சினையில்லை, ஆனால் உணவு இருக்கிறது என்று படிவத்தில் சொல்லிவிடுங்கள். 10,000 டாலருக்கு மேல் பணம் இருந்தாலும் அப்படியே. கொண்டுபோவது குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம்.

பாஸ்போர்ட்டில் அன்று அடிக்கும் முத்திரையோடு அந்த விசாவே ஓராண்டுக்குத் தற்காலிக கிரீன் கார்டாகச் செல்லும். எனவே அசல் கார்டு தபாலில் வர ஒன்றிரண்டு மாதம் ஆனாலும் மறுநாளே வேலைக்குச் சேரலாம். சோஷியல் செக்யூரிட்டி எண்ணை டிஎஸ்-260 படிவத்திலேயே கேட்டிருந்தால் அதுவும் தபாலில் வரும். வராவிட்டால் அந்த அலுவலகத்துக்கு நேரில் போங்கள். இரண்டும் வருவது நீங்கள் கொடுத்த முகவரிக்கு. தெரிந்தவர் வீட்டு முகவரி கொடுத்திருந்தால் தபால் பெட்டியில் உங்கள் பெயரையும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள், பெயர் இல்லாத பெட்டியில் போடாமல் திருப்பி அனுப்பிவிடும் தபால்காரர்கள் உண்டு. வீடு மாறினால் பத்து நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

முதல் மாதங்களில் உறுத்துவது கடன் வரலாறு, அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று பார்த்து அங்கே போடும் மதிப்பெண். ஊரில் எவ்வளவு சொத்து இருந்தாலும் அங்கே நீங்கள் பூஜ்யம். வீட்டு வாடகைக்குக்கூட அந்த மதிப்பெண்ணைக் கேட்பார்கள். வங்கியில் சில நூறு டாலர் வைப்புத்தொகை கட்டினால் அதே அளவுக்கு ஒரு கடன் அட்டை தருவார்கள். அதில் மளிகை வாங்கி, மாதம் தவறாமல் முழுத்தொகையையும் கட்டிவந்தால் ஆறு மாதத்தில் ஒரு மதிப்பெண் உருவாகிவிடும். மருத்துவக் காப்பீட்டையும் தள்ளிப்போடாதீர்கள். ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு பெரும்பாலான மாநிலங்களில் பெரியவர்களுக்கு முதல் ஐந்து ஆண்டுகள் கிடையாது. ஆனால் வந்த 60 நாளுக்குள் அரசின் காப்பீட்டுச் சந்தையில் திட்டம் வாங்கலாம். அந்த 60 நாளைத் தவறவிட்டால் பொதுப் பதிவுக் காலம்வரை காத்திருக்க வேண்டும்.

18 முதல் 25 வயது ஆண்கள் ராணுவத் தேர்வுப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ராணுவத்தில் சேர்ப்பதில்லை, பெயர் இருந்தால் போதும். இல்லாவிட்டால் பின்னால் குடியுரிமை கேட்கும்போது கேள்வி வரும். வருமான வரியை உலக வருமானம் முழுவதுக்கும் காட்ட வேண்டும், வெள்ளவத்தை வீட்டு வாடகையும் இதில் அடக்கம்.

இன்னொன்று, யாரும் முன்கூட்டிச் சொல்லாதது. ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும் அலுவலகத்தில் "வாக்காளராகப் பதிவு செய்யட்டுமா?" என்று கேட்பார்கள், படிவத்திலும் ஒரு கட்டம் இருக்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் கட்டத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டால் நான் அமெரிக்கக் குடிமகன் என்று பொய் சொன்னதாகிறது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லி எளிதில் தப்பிக்க முடியாது. அதற்காக கிரீன் கார்டை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

கார்டு கையில் இருப்பதால் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் ஊரில் இருக்கலாம் என்று நினைக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் திரும்பும்போது கேள்வி வரும், குடியுரிமைக்கான கணக்கும் அறுபடலாம். ஓராண்டுக்கு மேல் என்றால் கிளம்பும் முன்பே மறுநுழைவு அனுமதி எடுத்திருக்க வேண்டும். வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி ஆண்டுக்கு ஒரு முறை எட்டிப் பார்ப்பவர்களை விமான நிலையத்தில் நன்றாகவே அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

ஐந்து ஆண்டுகள் முடிந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், 90 நாள் முன்னதாகவே படிவத்தை அனுப்ப அனுமதி உண்டு. அதற்கு முன்னால் கல்யாணம் செய்துகொண்டால் துணையையும், திருமணமாகாத பிள்ளைகளையும் கிரீன் கார்டை வைத்தே அழைக்கலாம், வரிசையில் காத்திருக்க வேண்டும். அம்மா அப்பாவையும் உடன்பிறந்தவர்களையும் அழைக்கக் குடிமகன் ஆனால்தான் முடியும். அதுவரை அவர்கள் வருகையாளர் விசா வாங்கித்தான் வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும்.